இலங்கையின் உயர் நீதிமன்றம்: சட்டத்தைத் தொட முடியாத நீதிமன்றம் ஜனாதிபதியை நிறுத்தியது எப்படி?

இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்ட சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தாலும் அதை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தால் ரத்துச் செய்ய முடியாது என்பது உண்மையா என்றும், உண்மையென்றால் 2018 இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்ததை அதே நீதிமன்றம் எப்படிச் செல்லாதாக்கியது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மைதான். ஆட்சியாளரின் செயலைக் கேள்வி கேட்பதில் இந்த நீதிமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு. நிறைவேறிய சட்டத்தைக் கேள்வி கேட்பதில் அறவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக ஏற்பட்டதன்று. 1960களில் நீதிமன்றங்கள் அரசாங்கத்துக்கு ஏற்படுத்திய தலையிடிக்கு அரசியல்வாதிகள் 1972 இல் தேடிய மருந்து அது என்பதே என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தமிழக வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தியாவில் உச்ச நீதிமன்றம் எனப்படுவதற்கு இணையானதே இலங்கையில் உயர் நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும், அதற்கும் கீழே மேல் நீதிமன்றங்களும், மாவட்ட, நீதவான் நீதிமன்றங்களும் உள்ளன. பிரதம நீதியரசரையும் சேர்த்து அதிகபட்சம் 17 நீதியரசர்கள் உயர் நீதிமன்றத்தில் இருக்கலாம். 65 வயதில் ஓய்வு. கொழும்பு புதுக்கடையில்தான் அது அமர்கிறது.

நீதிமன்றத்தின் வயது அரசியலமைப்பின் வயதைவிட மிகக் கூடியது. டச்சுக்காரரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1801 ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் அதை நிறுவினர். முதல் பிரதம நீதியரசர் கொட்ரிங்டன் கரிங்டன். அவருக்குப் பின் வந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர், சிறுவயதில் மதுரையில் வளர்ந்து தமிழ் கற்ற அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்; 1811 இல் உள்ளூர் மக்களையும் ஜூரிகளாக அமர்த்தும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். 1815 இல் வீழ்ந்த கண்டி இராச்சியம் தனி நீதி நிருவாகத்தின் கீழ் இருந்தது. பிரித்தானிய அரசு அனுப்பிய விசாரணை ஆணையாளர்களான கோல்புறூக், கமரன் ஆகியோரின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்த 1833 ஆம் ஆண்டுச் சாசனமே முழுத் தீவையும் ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் கொண்டுவந்தது. உரோமன் டச்சுச் சட்டம், கண்டியச் சட்டம், யாழ்ப்பாணத்தின் தேசவழமை, முஸ்லிம் சட்டம் என்று பல சட்டங்கள் ஒரே நீதிமன்றத்தில் வாதிடப்பட்டன, இன்றும் வாதிடப்படுகின்றன. அக்காலத்தில் நீதியரசர்கள் கொழும்பிலேயே இருந்துவிடவில்லை. யாழ்ப்பாணம் உட்பட வெளிமாவட்டங்களுக்குச் சுற்றில் சென்று பாரிய குற்ற வழக்குகளை ஜூரிகளுடன் விசாரித்தனர். 1974 இல் மேல் நீதிமன்றங்கள் இயங்கத் தொடங்கியதும் அந்தப் பயணம் நின்றது. அதன் விளைவை இறுதியில் சொல்கிறேன்.

குடியேற்ற காலத்து நீதிமன்றம் அரசின் கைப்பாவையாகவே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1937 இல், மலையகத்தில் தோட்ட நிருவாகம் பழகவந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தோட்டத் தொழிலாளர் மத்தியில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஆளுநர் ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். தலைமறைவாக இருந்து வெளிப்பட்டுக் கைதானபோது ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று; போர் போன்ற அவசரநிலைக்கென இயற்றப்பட்ட அதிகாரத்தைச் சாதாரண காலத்தில் ஒருவர் மீது ஏவ ஆளுநருக்கு உரிமையில்லை என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆட்சியாளரின் செயலைச் சட்டத்தின் அளவுகோலால் அளக்கும் வழக்கம் இந்த மன்றத்தில் சுதந்திரத்துக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

ஆனால் அக்காலத்தில் இறுதிச் சொல் கொழும்பில் இருக்கவில்லை. பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளுக்கான இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்திடமே (Privy Council) இருந்தது. 1948 இல் சுதந்திரம் பெற்ற பிறகும் இருபதாண்டுகளுக்கு மேலாக இந்நிலை தொடர்ந்தது. இறைமையுள்ள நாட்டுக்கு இது மானக்குறைவு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதே வேளை, சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, எந்தச் சமூகத்துக்கும் ஏனைய சமூகங்களுக்கு இல்லாத பாதிப்பை ஏற்படுத்தும் சட்டம் செல்லாது என்று கூறியது. அதை உயிர்ப்பிக்கும் வாய்ப்பு நீதிமன்றங்களின் கையில் இருந்தது. முதல் சோதனையில் அது தோற்றது. மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கில், அவை ஒரு சமூகத்தைக் குறிவைத்தவையல்ல, குடியுரிமைக்குத் தகைமை வகுத்தவை மட்டுமே என்று 1953 இல் கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் சொற்களைப் பார்த்தார்களே தவிர, அது யார் வீட்டுக் கதவைத் தட்டியது என்று பார்க்கவில்லை. கோமறைக் கழகத்தைச் சிறுபான்மையினரின் காவலனாக நினைவுகூர்பவர்கள் இந்தத் தீர்ப்பை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1960களில் காற்று மாறியது. 1964 இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், அரசியலமைப்பு விதித்த நடைமுறையைப் பின்பற்றாமல் இயற்றப்பட்ட சட்டம் செல்லாது என்று கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. 1962 ஜனவரியில் நடந்த சதிப்புரட்சி முயற்சியில் கைதானவர்களைத் தண்டிப்பதற்கென்றே பின்னோக்கிச் செல்லும் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, விசாரிக்கும் நீதியரசர்களை நீதி அமைச்சரே பெயர் குறிப்பிடலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அவ்வாறு பெயர் குறிப்பிடப்பட்ட உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவரும், தங்களை அமைச்சர் தெரிவுசெய்ததே செல்லாது என்று தீர்ப்பெழுதினார்கள். தம் நியமனத்தையே செல்லாதென்று கூறிய அந்த மூவரை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு. சட்டத்தைத் திருத்தி, வேறு அமர்வு அமைத்து, குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டபோதும், 1965 டிசம்பரில் லியனகே எதிர் இராணி வழக்கில் கோமறைக் கழகம் அத்தீர்ப்புகளை நீக்கியது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது, குறிப்பிட்ட சிலரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றிப் பாராளுமன்றம் அதைக் கையிலெடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

இவற்றைவிட அரசியல்வாதிகளை அச்சுறுத்தியது ஓர் எழுதுவினைஞரின் சம்பள ஏற்ற வழக்கு. செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச ஊழியர், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் வழியே வந்த திறைசேரிச் சுற்றறிக்கை கேட்ட சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிறு தொகைதான், ஆனால் அதைக் கேட்டு அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தனிச் சிங்களச் சட்டமே 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்ற வாதமும் உடன் சென்றது. 1964 இல் மாவட்ட நீதிபதி அவ்வாதத்தை ஏற்றார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் (அதாவது அரசின்) மீது வழக்குத் தொடரவே முடியாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டது. அரசியலமைப்புக் கேள்விக்குள் நுழையவேயில்லை. 1969 இல் கோமறைக் கழகம், வழக்குத் தொடரலாம் என்று கூறி, தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற மையக் கேள்வியைத் தீர்மானிக்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை எழுதப்படவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29 ஆம் பிரிவு அதில் இல்லை. என் பார்வையில் இலங்கை நீதித்துறை வரலாற்றின் மிக முக்கியமான தீர்ப்பு இந்த எழுதப்படாத தீர்ப்புத்தான்.

1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றங்களுக்குச் சொன்னது மிக எளிது: நிறைவேறிய சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. பதிலுக்கு, இன்னும் நிறைவேறாத சட்டமூலமாக இருக்கும்போதே பரிசீலிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் என்ற தனி மன்றம் ஒன்று 14 நாள் கெடுவுடன் அமைக்கப்பட்டது. பத்திரிகைப் பேரவைச் சட்டமூலத்தைப் பரிசீலிக்க அந்தக் கெடு போதவில்லை என்று அம்மன்றம் கூற, அன்றைய பாராளுமன்றமான தேசிய அரசுப் பேரவை அதை ஏற்க மறுக்க, உறுப்பினர்கள் பதவி விலகும் அளவுக்குத் தகராறு முற்றியது.

1978 இல் ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த, இன்றும் நடைமுறையிலுள்ள அரசியலமைப்பு அந்தத் தனி மன்றத்தை நீக்கி, சட்டமூலப் பரிசீலனையை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. ஆனால் 1972 இன் பூட்டு அப்படியே இருந்தது. 80 ஆம் உறுப்புரையின் 3 ஆம் பந்தியின்படி, சபாநாயகரின் சான்றுரை பதிந்த பிறகு சட்டத்தின் செல்லுபடித் தன்மையை எந்தக் காரணம் கொண்டும் எவரும் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன்னர், சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எந்தப் பிரசையும் மனுச் செய்யலாம் என்றும், மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்றும் 1978 இல் எழுதப்பட்டது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென்றால் அது நின்றுவிடாது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றலாமா, அல்லது அத்துடன் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதை மட்டுமே நீதிமன்றம் சொல்லும். அமைச்சரவை அவசரச் சட்டமூலம் என்று முத்திரை குத்தினால், 24 மணித்தியாலம் முதல் மூன்று நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம் நீக்கும்வரை அவசரச் சட்டமூலங்கள் தாராளமாக வந்தன.

இதன் விலையைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் காணலாம். 1979 இல் அது அவசரச் சட்டமூலமாக வந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றப்போகிறோம் என்று அரசாங்கம் முன்கூட்டியே கூறிவிட்டதால், சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா இல்லையா என்பது மட்டுமே நீதிமன்றத்தின் முன் இருந்தது. வேண்டாம் என்று தீர்மானித்தது. பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்றிருந்த, மூன்றாண்டுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டு, நான்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதன் கீழ் தடுத்துவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள், பிற்காலத்தில் முஸ்லிம்களும் சிங்களச் செயற்பாட்டாளர்களும், தம் மீது பாய்ந்த தடுப்புக் கட்டளையை எதிர்த்து வழக்காடலாம். சட்டத்தை எதிர்த்து வழக்காட முடியாது.

சட்டத்தைத் தொட முடியாதென்றால் எஞ்சுவது ஆட்சியாளரின் செயல். இங்கேதான் 126 ஆம் உறுப்புரை வருகிறது. அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் ஒருவரின் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அவர் நேராக உயர் நீதிமன்றத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். வேறெந்த நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. பொலிஸ் சித்திரவதை, பாரபட்சமான இடமாற்றம், பாடசாலை அனுமதி மறுப்பு, தேர்தல் ஒத்திவைப்பு எல்லாமே இந்த வழியாகத்தான் வருகின்றன. நியாயமும் ஒப்புரவும் என்று தனக்குப் படுகின்ற எந்த நிவாரணத்தையும் வழங்கும் அளவுக்கு நீதிமன்றத்தின் கை நீளமானது.

2018 இல் நடந்ததும் இதுவே. ஒக்டோபர் 26 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பெரும்பான்மை திரளாததால் நவம்பர் 9 ஆம் திகதி வர்த்தமானி (அரசிதழ்) மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்தார். முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு முடியுமுன், மூன்றில் இரண்டு பெரும்பான்மையான உறுப்பினர்கள் கேட்டாலன்றிக் கலைக்க முடியாது என்று 19 ஆம் திருத்தம் எழுதியிருந்தது. அப்பாராளுமன்றத்துக்கு மூன்று வயது சொச்சம். எதிர்த்து வந்த மனுக்களில் முதன்மையானது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனுடையது, தீர்ப்பும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஜனாதிபதிக்குப் பாராளுமன்றத்தைக் கலைக்கும் தனி அதிகாரம் வேறோர் உறுப்புரையில் உண்டு என்று சட்டமா அதிபர் வாதிட்டார். ஓர் உறுப்புரை பொதுவாகச் சொன்ன அதிகாரத்துக்கு மற்றோர் உறுப்புரை எல்லை வகுத்திருக்கும்போது, எல்லையை மறந்து அதிகாரத்தை மட்டும் படிக்க முடியாது என்று கூறி, ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 ஆம் திகதி ஏகமனதாகக் கலைப்பைச் செல்லாதாக்கினர். வழக்கு வந்த வழியைக் கவனியுங்கள்: சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 12 ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்ற அடிப்படை உரிமை மனு அது. கலைப்பு ஒரு சட்டமன்று, ஒரு நிறைவேற்றுச் செயல். பதவியிலுள்ள ஜனாதிபதியின் செயலைச் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கிக் கேள்வி கேட்க 19 ஆம் திருத்தமே கதவைத் திறந்துவைத்திருந்தது. அதே பாராளுமன்றம் ஓர் அநீதியான சட்டத்தை நிறைவேற்றியிருந்தால் இதே ஏழு பேரும் கைகட்டியிருக்க வேண்டியதுதான்.

இவ்வழியில் பின்னரும் பெரிய தீர்ப்புகள் வந்தன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை இருந்தும் தடுக்கத் தவறியமைக்காக, சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பானது. பொலிஸ், பாதுகாப்பு உயரதிகாரிகள் நால்வருக்கும் தனித்தனித் தொகை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமான முடிவுகளால் ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் கூறப்பட்டது. அதில் நட்டஈடு எதுவும் விதிக்கப்படவில்லை.

ஆனால் நீளமான கை எப்போதும் ஒரே திசையில் நீள்வதில்லை. 1988 இல் அவசரகால ஒழுங்குவிதி மூலம் இணைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்களை, 18 ஆண்டுகள் கழித்து 2006 ஒக்டோபரில் ஐந்து நீதியரசர்கள் பிரித்தனர். அதுவும் அடிப்படை உரிமை மனுக்களின் வழியாகவே வந்தது. இணைப்புச் செய்யப்பட்ட முறை சட்டத்தில் பலவீனமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் வர வேண்டும் என்ற விதி சாதாரண மனுதாரர்களைத் திருப்பி அனுப்பும்போது, இந்த மனுக்களுக்கு 18 ஆண்டு தடையாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாகாண சபைகளையே உருவாக்கிய 13 ஆம் திருத்தமும் 1987 இல் மயிரிழையில் பிழைத்தது: பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையிலான ஒன்பது பேரில் நால்வர் சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம் என்றும், நால்வர் வேண்டும் என்றும் கூற, எஞ்சிய ஒருவர் சில ஏற்பாடுகளுக்கு மட்டும் வேண்டும் என்றார். அந்த ஏற்பாடுகள் மாற்றப்பட்டுத் திருத்தம் நிறைவேறியது.

நீதியரசர்கள் மீதான அழுத்தத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1978 இல் புதிய அரசியலமைப்பு வந்ததும் அனைவரும் பதவியிழந்தனர். எல்லோரும் மீள நியமிக்கப்படவில்லை. 1983 ஜூனில், இடதுசாரி அரசியல்வாதி விவியன் குணவர்தனவைப் பொலிஸ் தாக்கிய வழக்கில் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன் கும்பல்கள் கூச்சலிட்டன; பொறுப்பாகக் காணப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. 2012 இல் நடந்ததற்கு வடக்குடன் நேரடித் தொடர்பு உண்டு. பசில் ராஜபக்சவின் அமைச்சுக்குப் பெரும் அதிகாரம் வழங்கும் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடுவதால் ஒவ்வொரு சபையின் கருத்தையும் பெற வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வட மாகாணத்தில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் அதற்குப் பதிலாகச் சம்மதம் தெரிவிக்க முடியாது என்றும் கூறப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் முதல் பெண் பிரதம நீதியரசரான ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வந்தது. அதை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அவரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியும், 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். ஆட்சி மாறியதும் 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாதென்று கொள்ளப்பட்டு, ஒரு நாள் பதவியில் அமர்ந்து ஓய்வுபெற்றார். அடுத்து நியமனமானவர் க. ஸ்ரீபவன்.

பூட்டு இன்னும் எவ்வளவு இறுக்கமானது என்பதை 2024 காட்டியது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தின் பல வாசகங்களைத் திருத்தினால்தான் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் தீர்மானித்திருந்தது. ஜனவரி 24 ஆம் திகதி அது நிறைவேறியபோது, நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் அனைத்தும் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குள் சபாநாயகர் சான்றுரை இட்டுவிட்டார். அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தாக்கல் செய்த மனு தள்ளுபடியாயிற்று. சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையும் தோற்றது. நீதிமன்றம் தானே விதித்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும் வழிகூட அதற்கு இல்லை.

ஆகவே, ஒரு சட்டத்தால் பாதிக்கப்படுபவர் நடைமுறையில் செய்யக்கூடியவை இரண்டே. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும்போதே கவனித்துக் குறித்த கெடுவுக்குள் மனுச் செய்வது ஒன்று. தவறினால், அச்சட்டத்தின் கீழ் அதிகாரி ஒருவர் செய்த குறிப்பிட்ட செயலை, கைதையோ கட்டளையையோ மறுப்பையோ, ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுவாகக் கொண்டுசெல்வது மற்றது. மன்னாரிலோ கிளிநொச்சியிலோ இருப்பவருக்கு, நீதியரசர்கள் சுற்றில் வராத இக்காலத்தில், சட்டத்தரணியைத் தேடிப் புதுக்கடைக்குச் செல்ல அந்த ஒரு மாதம் பெரும்பாலும் போதாது. அத்தகையவர்கள் அந்த மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்துவிட வேண்டும். 1996 ஆம் ஆண்டு ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கான கடிதங்களையும் திகதிகளையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்; அவற்றைக் காட்ட முடியாத மனுக்கள் காலங்கடந்தவை என்று தள்ளப்படலாம்.